முப்பத்தெட்டாவது கேள்வி

இல்ல, இன்னிக்கு ஜெராக்ஸ் இல்ல. டைப் அடிக்கணும். ஒரு பக்கம்கூட வராது. அடிச்சு மூணு பிரிண்ட் எடுத்துக் குடு, போதும். யார் யாருக்குன்னு கடைசில சொல்றேன். உட்காரு மொதல்ல. அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. வேராக்ரூஸ்லேர்ந்து பஸ்ஸுல மூணு மணி நேரம், ஒரு தடியன் என் தோள்ல தூங்கிட்டே வந்தான். சட்டை முழுக்க அவன் வேர்வை.

காப்பி வேணாம். அப்புறம் பாக்கலாம்.

பரீட்சைதானே. எழுதிட்டேன். நேரா பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இங்கதான் வர்றேன், வீட்டுக்குக்கூடப் போகல. எப்படி எழுதினேன்னு கேக்காத. பஸ்ஸுல கேட்டான், பஸ் ஸ்டாண்டுல கேட்டான், மொட்டை அடிச்சுட்டு வந்த மாதிரி எல்லாரும் தலையைப் பாத்துட்டுக் கேக்கறான். ரெண்டு மாசம் ஆகுமாம் ரிசல்ட் வர.

கணக்குல எனக்குப் பிரச்சினை இல்ல நிடியா. மொத தடவையே தேறிட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா பாங்கா ஓட்டறேன். ரெண்டு லாரியும் நாப்பது ஆளும் ஏறின தட்டைப் படகு, எவ்வளவு பாரம், எவ்வளவு தண்ணி, காத்து எந்தப் பக்கம்னு பாக்காம அக்கரைக்குக் கொண்டுபோக முடியுமா. அதான் கணக்கு. வரலாறும் தேறிட்டேன். இந்த வாக்கியப் பிழை திருத்தம்தான். ரெண்டு தடவையும் அதுலதான் கவுந்தேன். இருவத்தஞ்சு கேள்வி, பதினஞ்சு சரியா இருக்கணும். மொத தடவை பதினொண்ணு. போன தடவை பதிமூணு. இது மூணாவது. இதுக்கு மேல கிடையாது. இதுலயும் வரலைன்னா ஜனவரி ஒண்ணாந் தேதி பாங்கா சாவியைப் படகுக்காரங்க சங்கத்து மேசையில வெச்சுட்டு வீட்ல போய் உக்காரணும். ஆத்தைக் கடக்க இனிமே பன்னெண்டாங் கிளாஸ் சர்டிபிகேட் வேணுமாம். ஆறு கேக்குதா சர்டிபிகேட்டு?

நல்லா கேட்ட உன் ஞானத்தகப்பனை. ஸ்பானிஷ்தானே பத்ரினோ, உனக்குத் தெரிஞ்ச பாஷைதானேன்னு. அதான் எரியுது எனக்கு. பொறந்ததுலேர்ந்து இது ஒண்ணுதான் பேசறேன். திட்டறதும் இதுலதான், ஜெபம் பண்றதும் இதுலதான். அறுவத்திரெண்டு வயசுல ஒரு தாளை முன்னாடி போட்டு, நீ இத்தனை நாளாப் பேசினது தப்புங்கறான். யார்ரா நீ.

சொல்றேன், நீயே நியாயம் சொல்லு. போன தடவை ஒரு கேள்வி. இஞ்சினைப் பழுது பார்த்துவிட்டு, படகு கிளம்பியது. இதுல பிழை இருக்கா இல்லையா? இல்லைன்னு போட்டேன். பழுது பாத்தாச்சு, கிளம்பியாச்சு, உனக்கு என்னய்யா நஷ்டம். தப்பாம். பழுது பாத்தது யாருன்னு கேக்கறான். அந்த வாக்கியத்துல பாத்தா படகே பழுது பாத்துக்கிட்ட மாதிரி இருக்காம். படகுக்கு ஏது கை? அது படிக்கறவனுக்குத் தெரியாதா? மெக்கானிக் எவனாவது வந்து பாத்திருப்பான். அவனை உள்ள எழுதணுமாம். அவன் கூலி வாங்கிட்டுப் போயிட்டான், அவனை எதுக்கு வாக்கியத்துக்குள்ள உக்கார வெக்கணும்?

இன்னொண்ணு. கூட்டம் ஆற்றைக் கடந்தார்கள். தப்பு. கடந்ததுன்னு வரணுமாம். கூட்டம்னா ஒண்ணாம். ஏத்தறவன் நான். ஒருத்தி கோழிக்கூடையோட வருவா, ஒருத்தன் மோட்டார் சைக்கிளோட, ஒருத்தன் காலைலயே குடிச்சுட்டு. அது ஒண்ணா? எறங்கச் சொல்லிப் பாரு, ஒண்ணா எறங்குதான்னு.

சிரி. நீ சிரிக்கறதுக்கு இன்னொண்ணும் இருக்கு. மேலே ஏறினான். அதுவும் தப்பாம். ஏறினாலே மேலதானாம், தனியா சொல்லக் கூடாதாம். இத்தனை வருஷமா மேல ஏறுங்க, மேல ஏறுங்கன்னுதான் தொண்டை கிழியறேன். சும்மா ஏறுன்னு சொன்னா இந்த ஊர்க்காரன் நின்னு யோசிப்பான்.

பாரு, யாரோ வர்றாங்க. போ, அந்தம்மாவுக்கு எடுத்துக் குடுத்துட்டு வா. நான் ஓடிப்போகல.

மெதுவா. அவசரமில்ல.

என்னாச்சு, நின்னுடுச்சா மெஷினு? தாள் சிக்கிக்கிச்சா? சிக்கிக்கிச்சுன்னு சொல்லாத. நீதான் கோணலா வெச்ச, இங்கேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். நான் தாளைச் சிக்க வெச்சுட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. என்ன மொறைக்கற. சிக்கிக்கிச்சுன்னா மெஷின் மேல பழி. சிக்க வெச்சேன்னா உன் மேல. எங்க, சொல்லு பாப்போம். வராது வாய்ல. எனக்கும் வரல.

அந்தம்மா போகட்டும். சொல்றேன்.

போயிடுச்சா. நல்ல பொம்பளை, சிரிச்சுட்டுப் போகுது, கெழவனுக்குக் கிறுக்குன்னு நெனச்சிருக்கும். நெனச்சுக்கட்டும்.

நான் சொல்ல வந்தது இதான். மத்தப் பிழையெல்லாம் எப்படியோ மண்டையில ஏத்திட்டேன். கூட்டம் ஒண்ணு. சரி, ஒண்ணுன்னே வெச்சுக்கோ. ஏறினா மேல. சரி. இந்த ஒரு வகைதான் உள்ள போக மாட்டேன்னுச்சு. செஞ்சவன் இல்லாத வாக்கியம். தட்டு உடைஞ்சுபோச்சு. சாவி தொலஞ்சுபோச்சு. பேரு மறந்துபோச்சு. நேரமாயிடுச்சு. இதுக்குக் கீழ நாலு வரி குடுத்து, இதுல எது செஞ்சவன் பொறுப்பைத் தெளிவாக் காட்டுதோ அதைத் தேர்ந்தெடுன்னு கேப்பான். நான் எப்பவும் தப்பாத்தான் எடுப்பேன். வேணும்னே இல்ல. என் கண்ணுக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியும்.

ரெண்டாவது தடவை போனப்புறம்தான் ஓர்த்தென்சியா அம்மாகிட்டப் போனேன். ஆமா, அதேதான், துறைமுக ஆபீசுல முப்பத்தோரு வருஷம் டைப் அடிச்சுதே. இப்ப கோயிலுக்குப் பின்னாடி தனியா இருக்கு. ஒரு கண்ணுல சதை வளந்திருக்கு, ஆனா பிழையைப் பாக்க ஒரு கண்ணு போதும் அதுக்கு. செவ்வாய், வியாழன், மத்தியான ஓட்டம் முடிஞ்சதும் போவேன். நீ ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தியே, பத்ரினோ காலேஜுக்குப் போறாருன்னு கேலி பண்ணிட்டே, அந்தத் தாளெல்லாம் அங்கதான் போச்சு. கையில ஈ அடிக்கற மட்டையை வெச்சுட்டு உக்காந்திருக்கும். தப்பா சொன்னா மேசை மேல ஒரு போடு. எனக்கா ஈக்கான்னு தெரியாது. செல்சோ, உன் மண்டை ஆத்து மணல்டா, எழுதின மறுநிமிஷம் அழிஞ்சுடுதுன்னு திட்டும். அறுவத்திரெண்டு வயசுல ஒரு பொம்பளைகிட்ட அடி வாங்கிட்டு உக்காந்திருந்தேன். பாங்கா வேணும்ல.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்விதான் கேக்கும். யாரு? தட்டு உடைஞ்சுபோச்சும்மா. யாரு? சாவி தொலஞ்சுபோச்சு. யாரு? எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஒரு நாள் கேட்டுட்டேன். ஏம்மா, நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தானே பேசறோம். ஒருத்தன் கை தவறித் தட்டைப் போட்டுட்டான். நீ போட்டுட்டன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அவனுக்கு அசிங்கம். உடைஞ்சுபோச்சுன்னா அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. இது மரியாதைம்மா, பிழை இல்லன்னேன்.

அந்தம்மா மட்டையைக் கீழ வெச்சுச்சு. மரியாதைதான் செல்சோ, யாருக்கு மரியாதைன்னு மட்டும் பாத்துக்கோன்னுச்சு. அப்புறம் சொல்லுச்சு. முப்பத்தோரு வருஷம் இந்த ஊரோட வாக்குமூலமெல்லாம் நான்தான் அடிச்சேன். இந்த ஊர்ல யாரும் எதையும் செஞ்சதே இல்லடா. லாரி தானா மோதிக்கிச்சு. வலை தானா கிழிஞ்சுச்சு. மண்ணெண்ணெய் பீப்பா தானா கவுந்துச்சு. ஒருத்தன் வந்தான், கையெல்லாம் ரத்தம், கத்தி இன்னொருத்தன் வயித்துல ஏறிடுச்சுன்னு சொன்னான். கத்தி எழுந்து நடந்துபோய் ஏறிச்சான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான் டைப்பிஸ்ட்டு. கேக்கக் கூடாது. ஏறிடுச்சுன்னே அடிச்சேன்.

நானும் சிரிச்சேன். நீ இப்ப சிரிக்கற மாதிரிதான்.

அந்தம்மா சிரிக்கல. ஒத்தைக் கண்ணால என்னையே பாத்துட்டு, உன்னோடதும் நான்தான் அடிச்சேன் செல்சோன்னுச்சு.

அவ்வளவுதான். மட்டையைத் திரும்ப எடுத்துக்கிச்சு, அடுத்த வாக்கியத்தைப் படின்னுச்சு. நான் தாளை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் போகல. கேட்டவங்ககிட்ட முதுகு வலின்னு சொன்னேன். உன்கிட்டயும் அதான் சொன்னேன்.

உனக்குத் தெரிஞ்சதுதான் அது. உனக்குப் பதினோரு வயசு. உங்கப்பன் நாபோரும் நானும் ஒரே பாங்காவுல. உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப உன்னைத் தூக்கிட்டு நின்னவன் நான், அவனுக்கு கொம்பாத்ரே, கூடப்பொறக்காத அண்ணன் தம்பி மாதிரி. அக்டோபர் மாசம், வடகாத்து, ஆறு ரொம்பி ஆகாயத்தாமரை பாயி பாயா வந்துச்சு. அன்னாசி லாரி ஒண்ணு ஏத்தியிருந்தோம். நடு ஆத்துல இஞ்சின் விசிறியில தாமரை வேர் சுத்திக்கிச்சு. எப்பவும் நடக்கறதுதான். உங்கப்பன் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு, வாய்ல கத்தியைக் கவ்விட்டு எறங்கினான். நான் மேல கயித்தைப் பிடிச்சுட்டு இருந்தேன். கயிறு நழுவிடுச்சு.

அப்படித்தான் துறைமுக ஆபீசுல சொன்னேன். கயிறு என் கையிலேர்ந்து நழுவிடுச்சு. அப்படித்தான் அந்தம்மா அடிச்சுச்சு. அடக்கத்துல பாதிரியாரும் அப்படியே சொன்னார். உங்கம்மா ஒடிலியாவும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கா, பத்தொன்பது வருஷமா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்குத் தட்டு வெக்கறா ஒடிலியா. பீன்ஸு, வறுத்த வாழைப்பழம், மீன் கெடச்சா மீனு. நடுத்துண்டு எனக்குத்தான். போன மாசம்கூட, மெரிதாலேர்ந்து வந்திருந்தாளே உன் சித்தி, அவகிட்ட சொல்றா. கயிறு நழுவிடுச்சு, பாவம் செல்சோ என்ன பண்ணுவான்னு. நான் மீன்ல முள்ளு எடுத்துட்டு இருந்தேன்.

இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி குடு கொஞ்சம்.

உங்கப்பன் போட்டோவை இந்தச் சுவருக்கு எப்ப மாத்தின? முன்னாடி கல்லாப்பெட்டிக்கு மேலதானே இருந்துச்சு. சரி. அங்க வெயில் படும்.

பரீட்சையைச் சொல்லிட்டு இருந்தேன். கேளு, சீக்கிரம் முடிச்சுடறேன். உனக்கும் கடை சாத்தணும்.

ஒரு ஸ்கூலு. உடற்பயிற்சி ஹால்ல நாற்காலி போட்டிருந்தான். சின்னப் பசங்க நாற்காலி, கைப்பக்கம் ஒரு பலகை வெச்சது. வயித்தை உள்ள இழுத்துட்டு உக்காந்தாத்தான் பலகை கீழ எறங்கும். பக்கத்துல ஒரு பொண்ணு, இருவது வயசு இருக்கும், பபிள்கம் மென்னுட்டே அரை மணி நேரத்துல முடிச்சுட்டு நகத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. மேற்பார்வை பாக்கறவ ஹீல்ஸ் செருப்பு போட்டுட்டு டொக்கு டொக்குன்னு நடந்தா. நான் ரெண்டு கண்ணாடி கொண்டு போயிருந்தேன். ஒண்ணு என்னோடது, ஒண்ணு ஓர்த்தென்சியா அம்மாவோடது. ஆமா, கடைசி வாரம் போனேன் திரும்ப. ஏன் வரலைன்னு அந்தம்மா கேக்கல. கதவைத் தெறந்துச்சு, யாரு? அப்படின்னுச்சு. நான்தான்னேன். பரவால்ல, எழுவாயோட வந்திருக்கன்னுச்சு. எழுவாய்னா அதான், வாக்கியத்துல செஞ்சவன்.

இருவத்தொண்ணுலேர்ந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் இந்தப் பிழை திருத்தம். முப்பத்தேழு வரைக்கும் ஓடிட்டேன். கூட்டம் கடந்தது, போட்டேன். ஏறினான், போட்டேன். இஞ்சினைப் பழுது பாத்தவனையும் உள்ள உக்கார வெச்சேன், போய்த் தொலையட்டும்னு. அப்புறம் முப்பத்தெட்டு.

பணியாளர் கழுவிக்கொண்டிருந்தபோது ஜாடி கைநழுவி உடைந்தது. பொறுப்பு தெளிவாகத் தெரியும்படி திருத்தப்பட்ட வாக்கியம் எது?

அ, ஜாடி உடைந்துவிட்டது. ஆ, ஜாடி உடைக்கப்பட்டது. இ, பணியாளரின் கையிலிருந்து ஜாடி நழுவியது. ஈ, பணியாளர் ஜாடியைக் கீழே விட்டார்.

சின்னக் கேள்வி. ஓர்த்தென்சியா அம்மாகிட்ட இந்த மாதிரி அம்பது பாத்திருப்பேன். இந்தத் தடவை நாலும் ஒண்ணாத் தெரியல. எது சரின்னு பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு. ஈ. அந்த வட்டத்தைக் கருப்பாக்கணும், அவ்வளவுதானே. கை போகல நிடியா. பென்சிலை வெச்சேன், எடுத்தேன். முப்பத்தொம்பதுக்குப் போனேன், திரும்ப வந்தேன். மனசுக்குள்ள அந்தப் பணியாளருக்காகச் சண்டை போடறேன். சோப்புத் தண்ணி இருந்திருக்கும், வழவழன்னு இருந்திருக்கும், அவன் என்னய்யா பண்ணுவான், இ போட்டுட்டுப் போயேன்னு. அரை மணி நேரம். அந்த ஹீல்ஸ்காரி பக்கத்துல வந்து நின்னு, ஐயா, உடம்பு சரியில்லையா உங்களுக்குன்னு கேக்கறா. பென்சில் முனை உடைஞ்சுபோச்சும்மான்னேன்.

உடைஞ்சுபோகல. நான் உடைச்சேன். அழுத்திட்டேன்.

அவ வேற பென்சில் குடுத்தா. ஈ போட்டேன்.

சரியாத்தான் இருக்கும். பதினஞ்சு வருமா? வரும்னுதான் தோணுது. பதினாறுகூட வரலாம். ஆனா நீ இப்ப அடிக்கப்போற தாளு போய்ச் சேந்துச்சுன்னா, பதினஞ்சு வந்தா என்ன, இருவத்தஞ்சு வந்தா என்ன. சங்கத்துல சாவியை வாங்கிடுவான். ஜனவரி வரைக்கும் பொறுக்க மாட்டான்.

மறுபரீட்சைக்கு மனுவா? இல்ல இல்ல. அதுக்கு யாரு உன்னைத் தொந்தரவு பண்ணுவா. உக்காரு, அடி. சொல்றேன்.

பக்கத்துத் தெருவுல இன்னொரு கடை இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்க போகலாம்னு ரெண்டு எட்டு வெச்சேன். திரும்பி வந்துட்டேன். நீதான் அடிக்கணும்.

மேல இன்னிக்குத் தேதி போடு. துறைமுக அதிகாரி அவர்களுக்கு. கீழ, பொருள்னு போட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் அளித்த வாக்குமூலத்தில் பிழை திருத்தம்.

பிழை திருத்தம்தான். சரியாத்தான் காதுல விழுந்திருக்கு உனக்கு. அடி.

செல்சோ கோபோஸ் லாகூனெஸ் ஆகிய நான். முழுப் பேரும் போடு. அன்று நாபோர் ஆற்றில் இறங்கியபோது. அவன் பேரும் முழுசாப் போடு, உனக்குத் தெரியாததா. கயிற்றைப் பாங்காவின் ஓரத்தில் உள்ள இரும்புக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதுதான் முறை. நான் சுற்றவில்லை.

ஆமா, சுத்தல. ஒரு நிமிஷ வேலைன்னு நெனச்சேன். எத்தனையோ தடவை சுத்தாம வெறுங்கையில பிடிச்சிருக்கேன். உங்கப்பன் எறங்கறப்பகூடச் சொன்னான், கட்டையில ஒரு சுத்து போடுடான்னு. நீ எறங்குடா, பெரிய மாப்பிள்ளைன்னேன். அதை அடிக்க வேணாம். இல்ல, அடி. அதையும் அடி. சுற்றும்படி நாபோர் சொன்னான். நான் சுற்றவில்லை.

அடுத்தது. ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று வந்து அவன் மேல் மோதியது. அது மோதுச்சு, அதுக்கு எழுவாய் தாமரைதான், அது சரி. கயிறு இழுத்தது. என் கை எரிந்தது.

நிறுத்து. அது என்ன அடிச்சிருக்க? கண்ணாடியைப் போட்டுக்கறேன் இரு. கயிறு நழுவி. நான் அதைச் சொல்லவே இல்லையேம்மா. இன்னும் வாயே தெறக்கல நான். உன் கை தானா அடிச்சுடுச்சா? தானா இல்ல, நீதான் அடிச்ச. பரவால்ல. பத்தொன்பது வருஷம் கேட்ட வாக்கியம், வெரலுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

அதை அழி.

முழுசா அழி. கயிறும் வேணாம் முன்னாடி. அது நழுவல. உள்ளங்கை எரிஞ்சுது, தோலு உரிஞ்சுது. பிடிச்சிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்க முடியும், எனக்குத் தெரியும், அப்பவும் தெரியும். நான் கயிற்றை விட்டேன். அப்படி அடி. நான், கயிற்றை, விட்டேன். மூணே வார்த்தை.

ஏன் கையை எடுத்துட்ட. பிழை இல்ல அதுல. எழுவாய் மொதல்ல இருக்கு.

சரி, நகரு. எந்த எழுத்து எங்க இருக்குன்னு மட்டும் காட்டு, நானே அடிக்கறேன். பிரிண்ட் மூணு. ஒண்ணு துறைமுக ஆபீசுக்கு. ஒண்ணு சங்கத்துக்கு. மூணாவது உங்கம்மாவுக்கு, அதை நானே கொண்டு போறேன் ஞாயித்துக்கிழமை. அவ தட்டு வெக்கறதுக்கு முன்னாடி.